ரோம் என்று போட்டிருக்கும், கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில்

மத்திய தரைக்கடல் கப்பல் பயணம் போகலாமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் கப்பல் எந்தத் துறைமுகத்தில், எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். அறை, சாப்பாடு, நீச்சல் குளம் எல்லாம் அப்புறம்.

பயணத் திட்டத்தில் ரோம் என்று இருக்கும். கப்பல் நிற்பதோ சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஃப்ளோரன்ஸ் என்று போட்டிருந்தால் லிவோர்னோவில் இறங்க வேண்டும், அது இன்னும் தூரம். நானும் அம்மாவும் ரோமுக்குக் கப்பலிலேயே விற்ற பேருந்துச் சுற்றுலாவில் போனோம். போக ஒன்றரை மணி நேரம், வர அதைவிடக் கூடுதல். கொலோசியத்தை வெளியே நின்று பார்க்க இருபது நிமிடம் கொடுத்தார்கள். வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, முட்டி வலியோடு அம்மா பின்னால் ஓடிவந்தார். அன்று ஐந்து இடங்களுக்குப் போனோம், ஒன்றையும் நின்று பார்க்கவில்லை. இன்னொரு முறை போனால் உள்ளூர் ரயிலில் போவேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்கினால் வாடிகன் நடக்கிற தூரம். அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

கப்பல்காரர்களின் சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதமானால் கிளம்பிவிடும், அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். அதனால் தூரமான இடத்துக்கு, தனியாகப் போகத் தயக்கம் இருந்தால், அந்தப் பணம் கொடுக்கலாம். ஊருக்குள்ளேயே நிற்கும் துறைமுகத்தில் எதற்கு?

கிரேக்கத் தீவான சாண்டோரினியில் கப்பல் கடலிலேயே நங்கூரம் போடும், சின்னப் படகில் கரைக்குக் கூட்டிப்போவார்கள். மேலே ஃபிரா ஊருக்கு 588 படிகள், இல்லையென்றால் கேபிள் கார். திரும்பும்போது கேபிள் கார் வரிசை மிக நீளம், நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கழுதை மேல் மட்டும் ஏறாதீர்கள், வெயிலில் அவை படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. 2025 ஜூலை முதல் அங்கே இறங்கும் கப்பல் பயணிகளுக்குக் கட்டணம் வைத்திருக்கிறார்கள், கோடைக் கூட்டத்தில் ஆளுக்கு 20 யூரோ. பலர் குறைப்படுகிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. சுமார் 15,000 பேர் வாழும் தீவில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் இறங்கினால் அந்த ஊர்க்காரர்கள் எங்கே போவார்கள்?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வழியில் துருக்கியின் குஷாதசியோ மாண்டினீக்ரோவின் கோட்டோரோ இருந்தால் கப்பல் ஷெங்கன் எல்லையை, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லையை, விட்டு வெளியே போய்த் திரும்புகிறது. பல முறை நுழையும் ஷெங்கன் விசா கேட்டு வாங்குங்கள்.

சரி, நேப்பிள்ஸுக்கு வருகிறேன். அந்த நாளுக்காகவே இந்தப் பதிவு. எல்லோரும் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான போம்பேயிக்குக் கிளம்பினார்கள். அங்கே தெருவெல்லாம் மேடுபள்ளமான கல், அம்மாவால் முடியாது. துறைமுகம் ஊர் நடுவில் இருப்பதால், டாக்சி பிடித்துத் தொல்லியல் அருங்காட்சியகம் போனோம். போம்பேயியில் 1938இல் கிடைத்த, தந்தத்தில் செதுக்கிய இந்தியப் பெண் சிற்பம் அங்கே இருக்கிறது. ஒரு சாண் உயரத்துக்குச் சற்று மேலே. கழுத்திலும் கையிலும் காலிலும் நகைகள், இரு பக்கமும் தோழிகள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது சாம்பலில் புதைந்தது. அதற்கும் முன்பே கடல் தாண்டிப் போயிருக்கிறது. அம்மா வெகுநேரம் நின்றார். “யாருடா இவளை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தது?” என்று கேட்டார். பிறகு வெளியே வந்து ஒரு காபி, ஸ்ஃபோலியதெல்லா என்ற அந்த ஊர் இனிப்பு ஒன்று. மாலை நாலு மணிக்கு நிதானமாகக் கப்பலுக்குத் திரும்பினோம். பத்து நாள் பயணத்தில் அம்மா இன்றைக்கும் பேசுவது அந்தச் சிற்பத்தைப் பற்றித்தான்.

அந்த அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. உங்கள் கப்பல் அன்று நேப்பிள்ஸில் நின்றால், முட்டி நன்றாக இருந்தால், போம்பேயிக்கே போங்கள். கரிபால்டி நிலையத்திலிருந்து சிர்கும்வெசுவியானா ரயில், முப்பத்தைந்து நாற்பது நிமிடம். போம்பேயி ஸ்காவி நிலையத்தில் இறங்கினால் நுழைவாயில் எதிரிலேயே இருக்கிறது.