ஈயம் இருக்கிறது, சரி, கொன்றது அதுதானா?
கழிமுகச் சேற்றில் ஈயமும் காட்மியமும் வரம்பை மீறியிருப்பதால்தான் புழுக்களும் இறால் குஞ்சுகளும் சாகின்றன என்று இந்தக் கட்டுரை முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நஞ்சு சேற்றில் இருப்பது வேறு, அதுதான் கொன்றது என்பது வேறு. காற்றுப் படாத கறுப்புச் சேற்றில் சல்ஃபைடு என்ற கந்தகச் சேர்மம் நிறைய இருக்கும். அது இந்த இரண்டு உலோகங்களையும் இறுகப் பிடித்துக்கொள்வதால் உயிரிகளுக்கு அவ்வளவாகப் போய்ச் சேராது. கல்லூரியில் படித்தபோது அடையாறு முகத்துவாரச் சேற்றை வாளியில் அள்ளி வந்து சோதித்தோம். அழுகிய முட்டை நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. அதை நான்கு பீக்கரில் பிரித்து, ஒன்றில் அமோனியாவை ஈர்க்கும் சியோலைட் என்ற கனிமம், ஒன்றில் உலோகங்களைப் பிடிக்கும் ரெசின், ஒன்றில் எண்ணெய், பூச்சிக்கொல்லி போன்றவற்றை உறிஞ்சும் கொட்டாங்குச்சிக் கரித்தூள் கலந்தோம். நான்காவதில் எதையும் கலக்கவில்லை. நான்கிலும் இறால் குஞ்சுகளை விட்டுப் பார்த்தோம். குஞ்சுகள் பிழைத்தது சியோலைட் பீக்கரில்தான். அதாவது, கொன்றது சாக்கடையோடு வந்த அமோனியா! அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சேற்றில் எது நஞ்சு என்று கண்டறிவதற்காக 2007-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இந்த மூன்று பொருட்களும் உண்டு. அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர் உடனே தூர்வாரச் சொல்கிறார். அப்படிக் கிளறினால் சல்ஃபைடு ஆக்சிஜனோடு சேர்ந்து, இதுவரை பிடித்து வைத்திருந்த உலோகங்களைத் தண்ணீரில் விட்டுவிடும்.