சோற்றின் மேல் காட்டுகிற கோபம்

அண்ணன் மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். நாமக்கல் பக்கம் ஹாஸ்டல். போன மாதம் லீவுக்கு ஈரோடு வந்தாள். பிள்ளைக்குப் பிடிக்குமே என்று அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி நெய் ஊற்றி வைத்தேன். நாலு வாய்தான். "போதுங்கத்தை."

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால், சமையற்கட்டில் லைட் போடாமல் நின்றபடி முறுக்கை வாயில் திணித்துக்கொண்டிருக்கிறாள். எவர்சில்வர் டப்பாவின் மூடி சத்தம் போடாதபடி அக்குளில் இடுக்கியிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னாச்சு அம்மணி?"

"தெரியலீங்கத்தை."

அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. மனசில் இருப்பது பயமா, கோபமா, அவமானமா என்று பிரித்துப் பார்க்க வராத, வந்த உணர்ச்சியை ஆற்றிக்கொள்ளத் தெரியாத இளம் வயதினரிடம் சாப்பாட்டுச் சிக்கலும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்தத் தடுமாற்றத்தை அளக்க 2004-ல் கிராட்ஸ், ரோமர் என்ற இரு உளவியலாளர்கள் 36 வாக்கியங்களில் ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். மனசு கலங்கியதற்காகத் தன் மேலேயே கோபப்படுவதும் அதில் ஒரு சிக்கலாகக் கணக்கில் வருகிறது. "இதுக்கெல்லாமா அழுவாங்க" என்று நாம் சொல்லிச் சொல்லி வளர்ப்பது அதைத்தானே?

தின்கிற அந்தப் பத்து நிமிஷம் மனசு மரத்துக் கிடக்கும். அப்புறம் குற்ற உணர்ச்சி வரும், மறுநாள் பட்டினி. மார்க்கும் ராங்க்கும் கைக்குள் நிற்காதபோது தட்டையாவது தள்ளி வைக்கலாமே என்று பிள்ளைக்குத் தோன்றும். பட்டினி மனசை இன்னும் கெடுக்கும். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், நல்ல திடமான 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றோடு வைத்துப் பார்த்தார்கள். எரிச்சல், சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. டயட் என்று காலைச் சாப்பாட்டை விட்ட பிள்ளை சாயங்காலம் எரிந்து விழுந்தால், திமிர் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

கல்யாண வீட்டில் ஒறம்பரைகள் "ஒரு சுத்துப் பெருத்துட்டியே" என்பதையும் நிறுத்த வேண்டும். ஜிம்முக்கு அலைகிற பையன்களையும் அந்தச் சொல் அறுக்கிறது.

நம் ஊரில் பாசம் என்றாலே "சாப்டியா கண்ணு?"தான். எனக்கும் அதுதான் வரும். ஆனால் நமக்கு அந்த ஒரு பாஷைதான் தெரியும் என்றால், பிள்ளையும் தட்டில்தான் பதில் சொல்லும்.

அன்றைக்கு நான் டப்பாவைப் பிடுங்கவில்லை. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: "மார்க் குறைஞ்சுதுன்னு செக்‌ஷன் மாத்திட்டாங்க. கூட இருந்த புள்ளைங்க மெஸ்ஸுல பக்கத்துல உக்கார்றதில்லீங்கத்தை."

மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனோம். பக்கத்தில் ஆலோசகர் யாரும் இல்லாதவர்கள் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், இலவசம். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, எடை மளமளவென்று இறங்குவது, மாதவிலக்கு நிற்பது என்று இருந்தால் டாக்டரிடம் போக நாள் கடத்தாதீர்கள்.

போன ஞாயிறு ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள், "இன்னைக்கு ரொம்பக் கோவமா இருக்குதுங்கத்தை" என்றாள். யார் மேல என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசினாள்.