போல்ட் கழற்றியே போகுது பொழுது

பழைய பிக்அப் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கிறேன் என்றால் எல்லாரும் இன்ஜினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இன்ஜின் தேமே என்று கிடக்கிறது. உயிரை வாங்குவது போல்ட்டுகள்!

பின்பெட்டியைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள். சக்கரம் வாரியடித்த சேறும் தண்ணீரும் அங்கேதான் போய்ச் சேரும். இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைக்கும். மரைக்குள் அது நடந்தால் நட்டும் போல்ட்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர்தான்.

போதாததற்கு, முன்பு வண்டியை வைத்திருந்த புண்ணியவான் அரை அங்குலத் தலையில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகியிருக்கிறார். அரை அங்குலம் 12.7 மில்லிமீட்டர். அந்தச் சின்ன இடைவெளி போதும், ஆறு மூலையும் மழுங்கிவிடும். அப்புறம் எந்த ஸ்பேனர் பிடிக்கும்?

துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, தீ காட்டிச் சுட்டு, சுத்தியலால் தட்டி, சாமியையும் கும்பிட்டுத் திருகினால், லேசாக அசையும். ஆஹா என்று நினைக்கும்போதே 'டக்'. தலை கையோடு வரும், உடம்பு உள்ளேயே நிற்கும். சரி, நடுவில் துளை போட்டு, முறிந்த போல்ட்டைக் கவ்வித் திருகும் கருவியான எக்ஸ்ட்ராக்டரால் எடுக்கலாம் என்றால், அதுவும் உள்ளே முறிந்து தொலையும். அது கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

வீடியோக்களில் மட்டும் எல்லா போல்ட்டும் ஒரே திருகலில் கழன்றுவிடுகிறது. எந்த ஊர் வண்டியோ அது! இத்தனைக்கும் இன்ஜினின் சூடான புகையை வாங்கி வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் நான் இன்னும் போகவே இல்லை.