வெள்ளைப் பலகையில் எழுதிய பாஸ்வேர்ட்

மட்டக்களப்பில் ஒரு உயர்கல்வி நிறுவனத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விருந்தினருக்கு வைஃபை கொடுக்கிற விதம் பற்றிக் கனநாளாக மனதில் கிடப்பதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

போன வருடம் எங்களிடம் ஒரு பயிற்சிப் பட்டறை. நூற்றைம்பது பேர் வரை வந்தார்கள். ஊழியர்கள் பாவிக்கும் வைஃபையின் பாஸ்வேர்டை யாரோ மண்டபத்து வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதிவிட்டார்கள். வந்தவர்களை உபசரிக்கிற மனசுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பத்து மணிக்கே அழைப்புகள் வரத் தொடங்கின. "வைஃபை காட்டுது, இன்டர்நெட் இல்லை." லைனில் பிழை இல்லை. இணைகிற ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்று ஒரு இலக்கம் வேண்டும். அந்த வலையமைப்பில் இருந்ததே 254 ஐபி முகவரிகள்தான். ஒருமுறை கொடுத்த முகவரியை 24 மணி நேரத்துக்குத் திருப்பி எடுக்காதபடி அமைத்திருந்தோம். முதல் நாள் வந்துபோன போன்களே பாதியைப் பிடித்து வைத்திருந்தன. மிச்சத்துக்கு ஆளுக்கொரு போனும் மடிக்கணினியுமாக நூற்றைம்பது பேர். மாணவர்களின் பரீட்சைப் புள்ளிகளைப் பதிய உட்கார்ந்த எங்கள் ஆட்களுக்கு ஒரு முகவரியும் மிஞ்சவில்லை.

மத்தியானம் ஒரு விருந்தினர் என்னைத் தேடி வந்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, என்ட லெப்டொப்பில உங்கட ஒபிஸ் பிரின்டரும் ஒரு போல்டரும் தெரியுது, ஒருக்கா பாருங்க." நல்ல மனிதர், சொன்னார். சொல்லாமல் திறந்து பார்க்கிறவர் வந்திருந்தால்? அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

விருந்தினருக்குத் தனி வாசல் வேண்டும். வைஃபையை விடுகிற அதே பெட்டியில், அதாவது அக்சஸ் பொயின்டில், இன்னொரு பெயரில் வைஃபையை விட்டு, அதை விலான் (ஒரே கருவிகளுக்குள் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கிற முறை) போட்டு அலுவலகத்திலிருந்து பிரிக்கலாம். ஒரு விருந்தினரின் கருவி இன்னொருவரின் கருவியைப் பார்க்காதபடி தடுக்கலாம். முகவரியை இரண்டு மணி நேரத்தில் திருப்பி எடுக்கலாம். ஆளுக்கு இவ்வளவு வேகம் என்று வரையறுக்கலாம். ஓரளவு நல்ல கருவிகள் ஏற்கனவே இருந்தால் இதற்குப் பெரிய செலவு இல்லை, ஒரு நாள் உட்கார்ந்து செய்கிற வேலை.

கஷ்டமான கேள்வி, அந்த வாசலை யாருக்கு எப்படித் திறப்பது என்பதுதான். வைஃபைக்குள் நுழைவதற்கான இலக்கத்தை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம் என்கிறார்கள். சரி, சுவிஸிலிருந்தும் கனடாவிலிருந்தும் லீவுக்கு வந்து விரிவுரை செய்கிற எங்கட ஆக்களின் போனுக்கு அந்த எஸ்எம்எஸ் ஒழுங்காக வந்து சேரும் என்று யார் சொல்வது? இன்னொரு வழி, வாசலில் ஒரு கொப்பியில் பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர் எழுதச் சொல்வது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். திறந்து கிடக்கிற கொப்பியில் முன்னால் வந்த பெண்ணின் நம்பரைப் பின்னால் வருகிறவர் படம் எடுத்துக்கொண்டு போகலாம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிற நாட்டில் இப்படி ஒரு கொப்பி வைத்திருக்கலாமா?

அழைத்தவர் பொறுப்பேற்கட்டும், அவ்வளவுதான். எந்தப் பிரிவு அழைக்கிறதோ அந்தப் பிரிவு முதல் நாளே விருந்தினர் எண்ணிக்கையைச் சொன்னால், ஆளுக்கொரு வவுச்சர், அதாவது வைஃபைக்குள் நுழைவதற்கான இலக்கம் போட்ட துண்டு, அச்சடித்துக் கொடுக்கலாம். நிகழ்ச்சி முடியும் நேரத்தில் அதுவும் காலாவதியாகிவிடும். பிழை ஏதும் நடந்தால் எந்தப் பிரிவின் விருந்தினர் என்று தெரியும். படுவான்கரையிலிருந்து பிள்ளையின் பட்டமளிப்புக்கு வருகிற அப்பாவும் ஒரு துண்டோடு உள்ளே வரலாம், யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை.

வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வருகிறவர்களுக்கு வவுச்சரே வேண்டாம். எடுரோம் (eduroam) இருக்கிறது, பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒன்றின் ஆட்களுக்கு மற்றொன்று வைஃபை கொடுக்கிற ஏற்பாடு. இலங்கையில் அதை லேர்ன் (LEARN) என்கிற, பல்கலைக்கழகங்களை இணைக்கும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு நடத்துகிறது. அவரவர் தாய்ப் பல்கலைக்கழகக் கணக்கிலேயே போன் தானாக இணைந்துவிடும், அவருடைய பாஸ்வேர்ட் சரியா என்று பார்ப்பதும் அந்தப் பல்கலைக்கழகம்தான். இதை வைத்திருந்தும் வருகிறவர்களிடம் சொல்லாமல் விடுகிற இடங்கள் உண்டு. அழைப்பிதழில் ஒரு வரி போட்டால் போதும்.

மற்ற கம்பஸ்களில் இந்த வேலையைப் பார்க்கிறவர்கள், உங்களிடம் வவுச்சர் கொடுக்கும் பொறுப்பு கணினிப் பிரிவிடமா, அழைக்கிற பிரிவிடமா என்று கீழே எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்கப் போகிறேன்.