எதிர்த்துக் கை தூக்கினால் கோடாலிக்காம்பா?

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் செந்தூலில் நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர்ப் பந்தல் செலவுக்கு ரசீது எங்கே என்று கேட்டு, கணக்கறிக்கையை எதிர்த்து மூன்று பேர் கை தூக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் மூவரையும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியாச்சு. போகிற போக்கில் ‘கோடாலிக்காம்பு’ என்ற பட்டம் வேறு. எல்லாம் ஒற்றுமைக்காகவாம். நல்லா இருங்க.

தீர்மானத்தை எதிர்க்கிறவர் சங்கத்தை எதிர்க்கவில்லை ஐயா. தலைவரிடம் அனுமதி கேட்டுப் பேசி, ஓட்டில் தோற்று, அப்புறமும் கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார்களே, விதியை மதித்தது அவர்கள்தான்.

முன்மொழிந்தாச்சு, வழிமொழிந்தாச்சு, ‘ஆட்சேபம் உண்டா’ என்று கேட்டு மூச்சு விடுவதற்குள் ‘ஏகமனதாக நிறைவேறியது’. கோளாறே அங்கேதான். வழிமொழிந்த பிறகு விவாதம். திருத்தம் வந்தால் முதலில் திருத்தத்துக்கு ஓட்டு, பிறகே மூலத் தீர்மானத்துக்கு. ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை மூன்றையும் எண்ணிக் கூட்டக் குறிப்பில் எழுதணும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போகணும். எதிர்த்த மூன்று கைகளை மறைத்து எழுதும் குறிப்புக்குப் பெயர் பொய்.

‘நாடாளுமன்றம் மாதிரி இங்கே நடத்த முடியுமா?’ என்பீர்கள். அங்கேயும் இதே கூத்துதான் நடந்தது. 2020 நவம்பர் 26, மலேசிய நாடாளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம். தலை எண்ணி ஓட்டெடுக்க 15 பேர் எழுந்து நிற்க வேண்டும். நின்றது 13 பேர். குரல் ஓட்டிலேயே தாண்டிப் போனது. யார் எந்தப் பக்கம் என்று பதிவில்லை. டிசம்பர் 15, கடைசிக் கட்டமான மூன்றாம் வாசிப்பில் எண்ணினார்கள்: ஆதரவு 111, எதிர்ப்பு 108. அந்த 108 பேரும் நாட்டுத் துரோகிகளா?

அதே எதிர்க்கட்சி வரிசையில் இருந்துகொண்டேதான் 2021 செப்டம்பர் 13-இல் நம்பிக்கைக் கூட்டணி (பக்காத்தான் ஹராப்பான்) அரசாங்கத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தத்தில் இருந்த கட்சித் தாவல் தடைக்கான அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 148 ஓட்டு வேண்டும். 2022 ஜூலை 28-இல் 209 கிடைத்தது. எதிர்த்தவர்களோடு உட்கார்ந்து பேசாமல் அது நடந்திருக்குமா?

‘மற்றவர்கள் சிரிப்பார்கள்.’ சிரிக்கட்டும். ‘அந்த மூவரில் ஒருவர் போன தேர்தலில் தோற்றவர், வஞ்சம் தீர்க்கிறார்.’ இருக்கலாம். அதனால் ரசீது வந்துவிடுமா? தண்ணீர்ப் பந்தல் செலவில் பாதிக்கு மேல் ‘பலசரக்கு’ என்று ஒரே வரி. கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை. இதைக் கேட்டதற்கா இவ்வளவு வசவு? கேட்டவர்களில் ஒருவர் அந்தப் பந்தலில் விடிய விடிய மோர் ஊற்றியவர். அதுகூடவா மறந்துபோச்சு?

அடுத்த கூட்டத்தில் குறிப்பை உறுதிப்படுத்தும்போது ‘ஏகமனதாக’ என்பதை அடித்துவிட்டு ‘எதிர்ப்பு 3’ என்று எழுதச் சொல்லி முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்?