பட்டனைத் தட்டினால் பொம்மை பேசுமா?

மேடையில் அந்தப் பெரிய மனிதர் பேசிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இந்தப் பொம்மையெல்லாம் இப்ப பட்டனைத் தட்டினா வந்துருதுங்க. இதுக்குப் போயி இத்தனை பில்லா?" உடனே கைதட்டல். அதுவும் திருப்பூரில். அவர் சொல்லும் பொம்மை நாங்கள் செய்வது: புடவைக் கடைக்காக, போன் திரையில் நின்று பேசும் கம்ப்யூட்டர் உருவம்.

படம் வருமுங்க. வீடியோவும் வரும். கடைக்கு வருகிறவர் கேட்ட கேள்விக்கு, போனுக்குள்ளேயே, அந்த நொடியே தலையாட்டிப் பதில் சொல்லும் ஆள் வராது. சினிமாவில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஓடும் படத்தின் ஒரு தனிப் படத்துக்கு, கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். போனில் நொடிக்கு 30 ஃபிரேம் என்றால், ஒன்றுக்கு 33 மில்லிசெகண்டுதான். அதற்குள் பொம்மைக்குள் நாங்கள் வைத்த எலும்பு அசைந்து, தோல் இழுபட்டு, வெளிச்சம் விழுந்து முடிய வேண்டும். பத்தாயிரம் ரூபாய் போனில், கை சுடாமல்.

அதனால் எங்கள் வேலையில் பாதி, செய்ததை வெட்டுவதுதான். மல்லிகைச் சரம் வேண்டுமென்றார்கள். பொம்மையின் உருவமே சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டிச் செய்வது. பூப்பூவாகச் செய்தால் முகத்தைவிடப் பூவுக்கு முக்கோணம் அதிகமாகிவிடும். தட்டையாக்கி, படமாக ஒட்டினோம். கூந்தல் இன்னும் மோசம். முடியைப் பட்டை பட்டையாகத்தான் செய்வோம். ஒன்றன்மேல் ஒன்றாக அவை விழும்போது, ஒரே புள்ளியைப் போன் திரும்பத் திரும்ப வரைந்து சூடாகும். வெட்டியதெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியவில்லையா, அப்போது வேலையே நடக்கவில்லை என்று அர்த்தமாம்!

கோபியில் எங்கள் அம்மிச்சியிடம் ஒருநாள் பொம்மையைக் காட்டினேன். "ஏஞ்சாமி, இந்தப் புள்ள பேசறப்ப வாயே மூடலியே?" என்றார். எங்கள் டீமில் யாருக்கும் தோன்றாத கேள்வி. நாங்கள் வாங்கிப் போட்ட உதட்டசைவு ஆங்கிலப் பேச்சுக்குச் செய்தது. 'அம்மா', 'அப்பா' சொல்லும்போது உதடு ஒட்டிக் கொஞ்சம் நிற்க வேண்டும். அது தொட்டும் தொடாமலும் ஓடியது. அப்புறம் ம்ம, ப்ப வந்த இடமெல்லாம் உட்கார்ந்து கையால் திருத்தினோம். அதற்கு எந்தப் பட்டன்?

"ஐபோனில் 2017லேயே அனிமோஜி வந்துருச்சே" என்று ஒருவர் வருவார். நம் முகம் அசைவதைப் பார்த்து அதேபோல் அசையும் பொம்மை அது. வந்தது. முகத்தின் ஆழத்தை அளக்கும் கேமரா வைத்த போனில், ஆப்பிள் கம்பெனி செய்தது. புடவை எடுக்க வரும் சனத்தின் கையில் அந்தப் போனா இருக்கிறது? "ஏஐ வந்தா உங்க வேலையே போயிரும்." சரி, போகட்டும். போகிற அன்னிக்குப் பேசிக்கலாம். முடித்துக் கொடுத்த வேலைக்குக் காசு கொடுங்க.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறவருக்குப் பீஸ் ரேட் உண்டு. மெஷின்தானே தைக்குது என்று சொல்லிச் சனிக்கிழமைச் சம்பளத்தை நிறுத்திப் பார்க்கட்டுமே! அங்கே சொல்ல முடியாததை எங்களிடம் மைக் பிடித்துச் சொல்கிறார்கள்.

யாராவது அவரை இதில் டேக் பண்ணுங்க. நான் பண்ண மாட்டேன். பாக்கி பில் அவர் மேஜையில்தான் கிடக்கிறது.