குதிகாலை விட்டுவிடுங்கள், பாவம்

"குதிகாலை ஊன்றாதீர்கள், முன்பாதத்தில் இறங்குங்கள்" என்று கண்டவர்களிடம் எல்லாம் சொல்லும் கூட்டம் மும்பையில் பெருகிவிட்டது. ஜனவரி மாரத்தான் நெருங்க நெருங்க இன்னும் கூடுகிறது. ஓடுகிறவர்களிடம் சொன்னால்கூட அதில் ஒரு வாதம் இருக்கிறது. நடக்கிறவர்களிடம் சொல்வது சுத்த அபத்தம் என்பது என் கட்சி.

எங்கள் கட்டடத்து மாமா ஒருவர், அறுபதைத் தாண்டியவர், மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் தினமும் காலையில் நடப்பவர். ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு நுனிக்காலில் நடக்க ஆரம்பித்தார். "தம்பி, குதிகால்ல நடந்தா முட்டி தேஞ்சு போயிடுமாம். ஆதிமனுஷன் எல்லாம் முன்னங்கால்லதான் நடந்தானாம்" என்றார். கொஞ்ச நாளிலேயே கெண்டைக்கால் கல்லாக இறுகி, கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்க முடியவில்லை. முட்டி என்னவோ முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

ஆதிமனிதனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் ஒரு திங்கட்கிழமை ராத்திரி பிரபாதேவிப் பக்கம் போய் நிற்கலாம். அங்குள்ள சித்திவிநாயகர் கோயிலில் செவ்வாய்க்கிழமை தரிசனத்துக்கு எங்கெங்கிருந்தோ வெறுங்காலில் நடந்து வருவார்கள். அவர்கள் காலைக் கவனியுங்கள். கீழே தார்ச்சாலை, காலில் ஒன்றும் கிடையாது. அப்படியும் முதலில் தரையைத் தொடுவது குதிகால்தான். காலடி மட்டும் சின்னதாக இருக்கும். தடாலென்று போடாமல் மெல்ல வைப்பார்கள். கல் குத்தும் இடம் வந்தால் முன்பாதத்தால் தொட்டுப் பார்த்து ஊன்றுவார்கள். அந்த இடம் தாண்டியதும் மறுபடி குதிகால். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. நடக்கும்போது ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்கும். ஊன்றிய கால் விறைப்பாக நிற்க, அதன்மேல் உடம்பு தலைகீழ் பெண்டுலம் மாதிரி ஏறி இறங்குகிறது. ஏறும்போது செலவானதில் பெரும்பங்கு இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடும். குதிகாலில் தொடங்கிக் கட்டைவிரலில் முடிந்தால் பாதத்தின் முழு நீளமும் இந்த வேலைக்கு உதவுகிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இதை அளந்தே பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். குதிகாலைக் கொஞ்சம் தூக்கி முன்பாதத்தில் நடந்தால் 53 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகிறது. இன்னும் உயர்த்தி விரல் நுனியில் நடந்தால் 83 சதவீதம். அதே ஆட்களை ஓடவிட்டபோது இந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. நாயும் பூனையும் விரலில் நடக்கின்றன, சரி. நாம் கரடி வகையறா, முழுப் பாதத்தையும் வைக்கிறவர்கள்.

நம்பிக்கை இல்லாவிட்டால் உங்கள் பழைய ஹவாய் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் குதிகாலின் பின்பக்க வெளியோரம்தான் சாய்வாகத் தேய்ந்திருக்கும். அங்கே தரையைத் தொட்டு, பாதம் உள்பக்கமாக உருண்டு, கட்டைவிரலில் உந்திப் புறப்படுகிறது. வாரை விரல்கள் கவ்வும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கும், அது வேறு கதை.

ஓட்டத்துக்கு வருவோம். ஓடும்போது இரண்டு காலும் அந்தரத்தில் இருக்கும் நேரம் உண்டு. இறங்கும் ஒவ்வொரு முறையும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. அதனால் எப்படி இறங்குகிறோம் என்ற கேள்வி இங்கே நியாயமானது. ஹார்வர்டின் டேனியல் லீபர்மேன் குழு 2010இல் நேச்சர் இதழில் எழுதியதுதான் இந்த அலையைக் கிளப்பியது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலோ நடுப்பாதத்திலோ இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்கும்போது வருகிற அந்தச் சட்டென்ற மோதல் அவர்களுக்கு இல்லை என்று காட்டினார்கள். நல்ல ஆய்வு. குதிகாலில் இறங்கினால் காயம் நிச்சயம் என்று அதில் சொல்லவில்லை. அதைச் சேர்த்துக்கொண்டது பின்னால் வந்தவர்கள். விரல்விரலாகப் பிரிந்த ஷூ விற்ற விப்ரம் நிறுவனம், ஆதாரமில்லாமல் ஆரோக்கியப் பலன்களைச் சொல்லி விற்றது என்ற வழக்கில் 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை, பணத்தை மட்டும் ஒதுக்கியது.

அபெபே பிகிலாவை இழுக்காமல் இந்தப் பேச்சு முடியாது. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கிய எத்தியோப்பியர். அதைச் சொல்கிற வாய் 1964 டோக்கியோவைச் சொல்லாது. அங்கே ஷூ போட்டுக்கொண்டு ஓடி, மறுபடி தங்கம், அதுவும் ரோமைவிட மூன்று நிமிடம் வேகமாக.

வடக்கு கென்யாவில் வெறுங்காலிலேயே வாழும் தாசனாச் மக்களைப் பற்றி 2013இல் வந்த ஆய்வும் இருக்கிறது. நீண்ட தூரம் ஓடுவதற்குத் தோதான வேகத்தில் அவர்களில் பெரும்பாலோர் குதிகாலில்தான் இறங்கினார்கள். வேகம் கூடக்கூட நடுப்பாதத்துக்கோ முன்பாதத்துக்கோ மாறுகிறவர்கள் அதிகமானார்கள். 2017 லண்டன் உலக சாம்பியன்ஷிப் மாரத்தானைப் படமெடுத்துப் பார்த்தபோது ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் குதிகால் ஆட்கள், பெண்களில் அதைவிடக் கூடுதல். உலகின் தலைசிறந்த கால்கள் அவை. முன்பாதம் பேசும் நம் ஆள் மும்பை மாரத்தான் பாதையில் வரும் பெடர் ரோடு ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே இவர்களைத் திருத்தப் பார்க்கிறார்!

முன்பாதத்தில் இறங்கினால் சுமை எங்கும் ஓடிவிடுவதில்லை. முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும், அதைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கும் தடித்த நாணுக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். முட்டி முன்பக்கம் வலிக்கிறவருக்கு அது உதவலாம். அந்த நாணில் ஏற்கெனவே வலி உள்ளவருக்கு அதுவே வினையாகும். ஒரே அறிவுரையை வாட்ஸ்அப் குழுவில் இருநூறு பேருக்கு அனுப்புவது எனக்கு எரிச்சலூட்டுவது இதனால்தான்.

பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைவிட, பாதம் உடம்புக்கு எவ்வளவு முன்னால் படுகிறது என்று பார்ப்பதே மேல். சிவாஜி பார்க்கைச் சுற்றி ஓடும்போது எதிரே வருகிறவரைக் கவனியுங்கள். அவருடைய ஷூவின் அடிப்பாகம் உங்களுக்குப் பளிச்சென்று தெரிந்தால், முட்டி நீண்டிருந்தால், காலைத் தேவைக்கு மேல் எட்டிப் போடுகிறார் என்று அர்த்தம். ஒவ்வொரு அடியிலும் தனக்குத் தானே பிரேக் போட்டுக்கொள்கிறார். அதற்கு மருந்து காலடியின் நீளத்தைக் குறுக்குவது. வேகத்தை மாற்றாமல் நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10 சதவீதம் கூட்டினாலே முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகும் சுமை குறைகிறது என்று 2011இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். உடனே நிமிடத்துக்கு 180 அடி என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். அது 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களை எண்ணிப் பார்த்து ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் சொன்னது. ஒலிம்பிக் வேகத்துக்கு உரிய எண்ணை மெதுஓட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

வலி இல்லாமல் ஓடுகிறவர் எதையும் மாற்ற வேண்டாம். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் வழக்கமான ஓட்டத்தில் சில நிமிடம் மட்டும் புது மாதிரி ஓடி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அப்புறம், வெறுங்காலில் புல்லில் நடந்தால் எல்லாம் சரியாகும் என்ற செய்தியைச் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு அனுப்பாதீர்கள். நம் வீடுகளில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஆணி குத்தினாலும் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே செருப்பு போடச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். மாமாவுக்கும் சர்க்கரை உண்டு. இப்போது பழைய ஷூவுக்கே திரும்பிவிட்டார், குதிகாலை ஊன்றித்தான் நடக்கிறார். வீடியோ அனுப்பியவர் மட்டும் அடுத்த வீடியோவை அனுப்பியிருக்கிறார், பின்னோக்கி நடப்பது பற்றி.